கோல் காப்பாளரும் வடிவொத்த முக்கோணங்களும்

பள்ளி விட்டதும் பல்லடத்தில் ஏதேனும் ஒரு திடலுக்குச் சென்று பாருங்கள். பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். பத்துப் பன்னிரண்டு சிறுவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து கால்பந்து ஆட முற்படுவார்கள். இரண்டு செங்கற்களை வைத்தால் கோல் ஆயிற்று. இனி ஒரு கேள்விதான் பாக்கி. கோலில் நிற்பது யார்?

"உனக்கு ஓட முடியாதுடா, நீ போய்க் கோல்ல நில்லு!" என்று யாரோ ஒருவன் சொல்வான். கடைசியாக வந்தவனோ, வயதில் சிறியவனோ, வேகமாக ஓட இயலாதவனோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு செங்கற்களுக்கு நடுவே போய் நிற்பான். நம் ஊர்களில் பெரும்பாலும் கோல் காப்பாளர் தேர்ந்தெடுக்கப்படும் முறை இதுதான்.

இம்முறை எவ்வளவு தவறானது என்பதை ஒரு விளையாட்டு தெளிவாகக் காட்டுகிறது. அதன் பெயர் ஃபுட்சால். அணிக்கு ஐந்து பேர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்து அது. அதில் கோலைக் காப்பதற்குக் கால்வேகத்தைக் காட்டிலும் நீங்கள் வகுப்பில் படிக்கும் வடிவொத்த முக்கோணங்கள் அதிகம் உதவுகின்றன. எப்படி என்று காண்போம்.

சிறிய ஆடுகளம், சிறிய கோல்

தென் அமெரிக்காவில் உள்ள உருகுவே நாட்டின் தலைநகர் மாண்டிவிடியோ. அங்கே ஒய்.எம்.சி.ஏ. நிறுவனத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி, 1930-ஆம் ஆண்டில் இவ்விளையாட்டை வகுத்தார். அந்த ஆண்டில்தான் முதல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியும் அதே நகரில் நடைபெற்றது. சிறுவர்களுக்கோ கால்பந்து ஆசை. இடமோ கூடைப்பந்து அரங்கம் அளவுதான். ஆகவே செரியானி பல விளையாட்டுகளிலிருந்து விதிகளைக் கடன் வாங்கினார். அணிக்கு ஐவர் என்பது கூடைப்பந்திலிருந்து வந்தது. கோல் காப்பாளர் பற்றிய விதிகளுக்கு நீர்ப்பந்து ஆட்டம் உதவியது. கூடைப்பந்தும் 1891-இல் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கூடம் ஒன்றில் பிறந்ததே. சென்னையில் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் அதே இயக்கத்தைச் சேர்ந்தது.

1989-இல் நெதர்லாந்தில் ஃபிஃபாவின் முதல் ஃபுட்சால் உலகக் கோப்பை நடந்தது. பிரேசில் வென்றது. 2024-இல் உஸ்பெகிஸ்தானில் நடந்த போட்டியிலும் பிரேசிலே வென்றது. 2016 ஜூலையில் சென்னை ஜவஹர்லால் நேரு உள்ளரங்கில் 'பிரீமியர் ஃபுட்சால்' ஆட்டங்கள் நடந்தபோது, பிரேசிலின் புகழ் பெற்ற வீரர் ஃபல்காவோ சென்னை அணிக்காக ஆடினார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2021-இல் முதல் தேசிய ஃபுட்சால் கிளப் போட்டியை நடத்தியது. 2023-இல் ஆடவர் அணியும், 2025-இல் மகளிர் அணியும் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுகளில் இந்தியாவுக்காகக் களமிறங்கின.

இப்போது கோவையிலும் திருப்பூரிலும் வலை கட்டிய செயற்கைப் புல் திடல்கள் பல வந்துள்ளன. அங்கு ஆடப்படும் ஐவர் ஆட்டம் ஃபுட்சாலுக்கு நெருங்கிய உறவு. ஆனால் ஃபுட்சாலுக்குப் புல் தேவையில்லை. மரத்தாலோ செயற்கைப் பொருளாலோ ஆன வழவழப்பான தரை. சுமார் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். சுவருக்குப் பதிலாகக் கோடுகளே எல்லை.

கோலின் அகலம் 3 மீட்டர். உயரம் 2 மீட்டர். பரப்பு 6 சதுர மீட்டர். பெரிய கால்பந்துக் கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர்; பரப்பு ஏறத்தாழ 18 சதுர மீட்டர். அப்படியானால் ஃபுட்சால் காப்பாளரின் வேலை மூன்றில் ஒரு பங்குதானே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். கோல் சிறிதானது போலவே, பந்தடிப்பவருக்கும் காப்பாளருக்கும் இடையே உள்ள தூரமும் சிறிதாகிவிட்டது.

கண்ணுக்கும் கைக்கும் இடையில்

பந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். அதாவது வினாடிக்கு 20 மீட்டர். 6 மீட்டர் தொலைவிலுள்ள பெனால்டிப் புள்ளியிலிருந்து அது கோல் கோட்டை அடைய ஆகும் நேரம் 0.3 வினாடி. இதற்குள் காப்பாளரின் கண் பந்தைக் காணவேண்டும். மூளை முடிவு செய்யவேண்டும். நரம்புகள் செய்தியைக் கொண்டு செல்லவேண்டும். தசைகள் சுருங்கி உடலை அசைக்கவேண்டும்.

உங்களுடைய எதிர்வினை நேரம் என்ன? ஓர் அளவுகோலைக் கொண்டே அறியலாம். 30 செ.மீ. அளவுகோலை நண்பர் செங்குத்தாகப் பிடிக்கட்டும். அதன் சுழிக் குறி உங்கள் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில், விரல்களைத் தொடாமல் இருக்கட்டும். அவர் முன்னறிவிப்பின்றி அதை விட்டுவிட, நீங்கள் பிடிக்கவேண்டும். எத்தனை செ.மீ. விழுந்தது என்று பாருங்கள். தடையின்றி விழும் பொருளின் சமன்பாட்டைக் கொண்டு நேரத்தைக் கணக்கிடலாம். 15 செ.மீ. என்றால் 0.17 வினாடி, 20 செ.மீ. என்றால் 0.20 வினாடி, 25 செ.மீ. என்றால் 0.23 வினாடி. பெரும்பாலோருக்கு விடை 0.2 வினாடியை ஒட்டியே வரும்.

இனி சோதனையைச் சற்று மாற்றுங்கள். நண்பர் இரண்டு கைகளிலும் இரண்டு அளவுகோல்களைப் பிடிக்கட்டும். உங்கள் இரு கைகளும் காத்திருக்கட்டும். அவர் ஏதேனும் ஒன்றை மட்டும் விடுவார். விழுவதை மட்டுமே நீங்கள் பிடிக்கவேண்டும். இப்போது அளவுகோல் முன்னைவிட அதிகம் விழுந்திருக்கும். ஏன்? கை மெதுவாகிவிடவில்லை. "இதுவா, அதுவா?" என்று மூளை தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று, அதற்கு நேரம் பிடித்தது. தேர்வுகள் கூடக் கூட எதிர்வினை நேரமும் கூடும்.

கோல் காப்பாளரின் நிலைமையும் இதுவே. பந்து இடப்பக்கமா, வலப்பக்கமா, மேலா, கீழா என்று நான்கு தேர்வுகள் இருந்தால் 0.3 வினாடி போதவே போதாது. எதிர்வினை நேரத்தைப் பயிற்சியால் ஓரளவுதான் குறைக்க முடியும். ஆனால் தேர்வுகளைக் குறைக்க முடியும். அதற்கு அவர் நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

நூலால் ஒரு முக்கோணம்

பந்தை ஒரு முனையாகவும், கோலின் இரண்டு கம்பங்களை மற்ற இரு முனைகளாகவும் கொண்டு ஒரு முக்கோணத்தைக் கற்பனை செய்யுங்கள். நேராக வரும் பந்து கோலுக்குள் செல்லவேண்டுமானால் இந்த முக்கோணத்தின் வழியாகத்தான் சென்றாக வேண்டும். முக்கோணத்துக்கு வெளியே இருப்பதைப் பற்றிக் காப்பாளர் கவலைப்படத் தேவையில்லை.

பந்து கோலின் நடுவுக்கு நேரே 6 மீட்டர் தொலைவில் இருக்கிறது. காப்பாளர் கோட்டிலேயே நின்றால் 3 மீட்டர் அகலத்தையும் காக்கவேண்டும். 2 மீட்டர் முன்னே வந்தால்? பந்திலிருந்து அவர் இருக்கும் தூரம் 4 மீட்டர். வடிவொத்த முக்கோண விதிப்படி, அங்கு முக்கோணத்தின் அகலம் 3 × 4 ÷ 6 = 2 மீட்டர். 3 மீட்டர் முன்னே வந்தால் 1.5 மீட்டர்தான்.

உயரத்துக்கும் இதே கணக்கு. பந்து தரையில் கிடக்கிறது. அது நேர்கோட்டில் குறுக்குக் கம்பத்துக்குச் சற்றுக் கீழே நுழையப்போகிறது. பாதி வழியில் அதன் உயரம் 1 மீட்டர். ஆக, 3 மீட்டர் முன்னே வந்த காப்பாளர் 1.5 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் உள்ள ஒரு சட்டத்தை அடைத்துவிட்டால் போதும்! 6 சதுர மீட்டர் 1.5 சதுர மீட்டராகச் சுருங்கிவிட்டது.

இந்தச் சட்டத்தை அடைக்க மனித உடலை எப்படி வைக்கவேண்டும்? ஒரு முழங்காலைத் தரைக்கு அருகே இறக்கி, மறுகாலைப் பக்கவாட்டில் நீட்டி, உடலை நிமிர்த்தி, இரு கைகளையும் விரித்தால் ஏறக்குறைய அந்த அளவே வருகிறது. தேர்ந்த ஃபுட்சால் காப்பாளர்கள் நெருங்கி வரும் எதிரியின் முன் பாயாமல் இப்படி அமர்ந்து தடுப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? பந்து 3 மீட்டரைக் கடக்க 0.15 வினாடிதான் ஆகும். அதற்குள் எவராலும் பார்த்துப் பாய முடியாது. பந்து உதைபடும் முன்பே உடல் சுவராகி நிற்கவேண்டும்.

விதி நூலிலும் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது. ஓர் அணி ஒரு பாதி ஆட்டத்தில் ஐந்து தவறுகளுக்கு மேல் செய்தால், ஆறாவதிலிருந்து எதிரணிக்குத் தடுப்பாளர் அரண் இல்லாத நேரடி உதை கிடைக்கும். அதை 10 மீட்டர் புள்ளியிலிருந்து அடிக்கலாம். அப்போது காப்பாளர் பந்திலிருந்து 5 மீட்டர் வரை முன்னே வரலாம். அங்கே முக்கோணத்தின் அகலம் என்ன? 3 × 5 ÷ 10 = 1.5 மீட்டர். அதே சட்டம்தான்!

ஆனால் முன்னே வருவதிலும் ஆபத்து உண்டு. பந்தை வைத்திருப்பவர் உதைக்காமல், தூரக் கம்பத்தருகே நிற்கும் தம் தோழருக்குத் தட்டிவிட்டால் காப்பாளருக்குப் பின்னால் கோல் காலியாகக் கிடக்கும். ஆகவே அவர் வெளியே வரும் முன், அந்தத் தோழரைத் தம் அணியினர் ஒருவர் மறித்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மறிக்கவில்லையென்றால் குரல் கொடுத்து மறிக்கச் செய்யவேண்டும். களம் முழுவதையும் முகத்துக்கு நேரே பார்ப்பவர் அவர் ஒருவரே. எனவே வாயும் அவருக்கு ஒரு கருவி.

எதைப் பார்ப்பது?

சாதாரணப் பெனால்டி உதையில் காப்பாளர் கோட்டைவிட்டு முன்னே வர விதி இடம் தருவதில்லை. அங்கே முக்கோணம் உதவாது, கண்தான் உதவவேண்டும். பெனால்டி உதைகளைத் திரையில் காட்டி, காப்பாளர்களின் கண் எங்கெங்கே செல்கிறது என்று ஐரோப்பாவில் ஆய்ந்திருக்கிறார்கள். பழக்கமில்லாதவர்கள் உதைப்பவரின் மார்பையும் கைகளையும் இடுப்பையும் நெடுநேரம் பார்த்தார்கள். தேர்ந்தவர்கள் உதைக்கும் காலையும், ஊன்றிய காலையும், பந்தையும் பார்த்தார்கள். அதோடு, இவர்கள் அசையத் தொடங்கியதும் சற்றுத் தாமதமாகவே.

நம் ஊர்த் தறிக்காரரை எண்ணிப் பாருங்கள். ஓசை மாறியதுமே இழை அறுந்தது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நூறு ஓசைகளில் எதைக் கவனிப்பது என்பதைப் பழக்கம் அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. காப்பாளரின் கண்ணுக்கும் அத்தகைய பழக்கமே தேவை.

நான்கு வினாடிகள்

பந்தைப் பிடித்தவுடன் வேலை முடிந்ததா? இல்லை, இரண்டாவது வேலை தொடங்குகிறது. ஃபுட்சால் காப்பாளர் தம் பாதிக் களத்தில் கையாலோ காலாலோ பந்தை 4 வினாடிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அவர் கொடுத்த பந்தை, எதிரணியினர் எவரும் தொடாத நிலையில், தம் தோழர் வேண்டுமென்றே திருப்பித் தந்தால் தம் பாதியில் மீண்டும் தொடவும் கூடாது. ஆகவே பிடித்த மறுகணமே யாருக்கு, எங்கே என்று முடிவு செய்து எறியவேண்டும்.

இதில் பந்தின் தன்மை அவருக்குத் துணை செய்கிறது. ஃபுட்சால் பந்தின் சுற்றளவு 62 முதல் 64 செ.மீ.; எடை 400 முதல் 440 கிராம். 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் அது 50 முதல் 65 செ.மீ. வரைதான் எழும்பும். பெரிய கால்பந்து அதைப்போல் இரு மடங்குக்கு மேல் எழும்பும். துள்ளாத பந்தைத் தோழரின் காலடியில் உருட்டிக் கொடுப்பது எளிது. பந்து நன்றாகக் கையில் அடங்கவேண்டும் என்பதற்காகவே பல காப்பாளர்கள் தடித்த கையுறையை விட்டு, விரல்நுனி திறந்த மெல்லிய உறையை அணிகிறார்கள்; சிலர் வெறுங்கையோடு ஆடுகிறார்கள்.

எதிர்ப் பாதிக் களத்தில் 4 வினாடி விதி கிடையாது. இதைப் பயன்படுத்திப் புகழ் பெற்றவர் ஹிகுயிட்டா. பிரேசிலில் பிறந்து கஜகஸ்தான் நாட்டுக்காக ஆடிய காப்பாளர். அவர் பந்தோடு எதிர்ப் பாதிக்குச் சென்று, தாக்குவோரில் ஒருவராகிவிடுவார். தடுப்பவர் நால்வர், தாக்குவோர் ஐவர் என்று கணக்கு மாறிவிடும். அவருடைய கைராத் அல்மாட்டி கிளப் 2013-இலும் 2015-இலும் ஐரோப்பிய ஃபுட்சால் கோப்பையை வென்றது. 2021 உலகக் கோப்பையில் கஜகஸ்தான் நான்காம் இடம் பெற்றது.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. காப்பாளர் நடுக்கோட்டில், கோலிலிருந்து 20 மீட்டரில் நிற்கிறார். பந்து பறிபோகிறது. எதிரி 30 மீட்டரிலிருந்து வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் உதைத்தால் பந்து சுமார் 2 வினாடியில் கோலை அடையும். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடித் திரும்பக் காப்பாளருக்கு 3 வினாடிக்கு மேல் ஆகும். ஆகவே, காலால் பந்தைத் தவறாமல் கொடுத்து வாங்கத் தெரிந்த காப்பாளரே முன்னே செல்லலாம். "ஓட முடியாதவன் கோலில் நிற்கட்டும்" என்ற பேச்சு இங்கே செல்லுமா?

பயிற்சி எங்கே தொடங்கவேண்டும்?

பல இடங்களில் காப்பாளர் பயிற்சி என்றால் பாய்ந்து விழுவதுதான். மேற்கண்ட கணக்குகள் வேறு வரிசையைச் சொல்கின்றன.

முதலில் நிற்கும் இடம். ஒரு நீண்ட கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு கம்பங்களிலும் கட்டுங்கள். நடுப்பகுதியைப் பந்து இருக்கும் இடத்தில் ஒருவர் பிடிக்கட்டும். முக்கோணம் கண்ணுக்கே தெரிந்துவிடும். பந்து இருக்கும் கோணத்தின் இருசமவெட்டியில் காப்பாளர் நின்று, முன்னும் பின்னும் நகர்ந்து, கயிறுகள் தம்மை நெருங்குவதைக் காணட்டும். பந்தை இடம் மாற்றி மாற்றி இதைச் செய்யவேண்டும்.

இரண்டாவது, நிற்கும் தோற்றம். சடுகுடுவில் மூலையில் நிற்பவரைப் பாருங்கள். முழங்கால் மடிந்து, எடை முன்பாதத்தில் தங்கி, எந்தப் பக்கமும் நகரத் தயாராக இருப்பார். காப்பாளரும் அப்படியே நிற்கவேண்டும். இந்த நிலையில் பக்கவாட்டில் சிறு சிறு அடிகளாக நகரப் பழகவேண்டும். அதன் பிறகே ஒரு முழங்கால் தடுப்பு. அதையும் முதலில் மெதுவாக உருட்டிவிட்ட பந்தோடு செய்யவேண்டும்.

மூன்றாவது, கையும் காலும். சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து ஒரு கையால் பிடித்தல். குறி வைத்த இடத்துக்குப் பந்தை உருட்டுதல். இரு கால்களாலும் கொடுத்து வாங்குதல். ஒருவர் "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ண, அதற்குள் ஆளைத் தேர்ந்து எறிதல்.

பாய்ந்து விழுவது கடைசியில்தான். அதுவும் மணலிலோ மெத்தையிலோ, முதலில் மண்டியிட்ட நிலையிலிருந்து பழகவேண்டும். சிமெண்டுத் தரையில் வேண்டவே வேண்டாம். முழங்கால், முழங்கை உறைகளும் நீண்ட காற்சட்டையும் அணியவேண்டும். விதிகள் இவற்றை அனுமதிக்கின்றன.

ஆபத்தைத் தவிர்க்க

420 கிராம் பந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் உந்தம் 8.4 அலகு. விறைத்த கை அதை நூற்றில் ஒரு வினாடியில் நிறுத்தினால் கையில் விழும் சராசரி விசை 840 நியூட்டன். அதாவது சுமார் 85 கிலோ எடை! கையைச் சற்றுப் பின்னிழுத்து நூற்றில் நான்கு வினாடியில் நிறுத்தினால் விசை 210 நியூட்டனாகக் குறையும். கிரிக்கெட்டில் பந்து பிடிப்பவர் கையைப் பின்னிழுப்பதும் இதற்கே.

வளரும் வயதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்ள எலும்புப் பகுதி இன்னும் முழு உறுதி பெற்றிருக்காது. மீண்டும் மீண்டும் மண்டியிட்டு அங்கே வலி தோன்றினால், பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். ஓய்வு எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். தலையில் பந்தோ கம்பமோ பட்டுத் தலைசுற்றல், வாந்தி, குழப்பம் ஏற்பட்டால் அன்று ஆட்டம் முடிந்தது. உடனே ஆசிரியரிடம் சொல்லவேண்டும், மருத்துவரைக் காணவேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். நகர்த்தக்கூடிய இரும்புக் கோல் சட்டங்கள் தரையில் பிணைக்கப்படாமல் இருந்தால் சாய்ந்து உயிரையே பறிக்கலாம். பல நாடுகளில் சிறுவர்கள் அவ்வாறு இறந்திருக்கிறார்கள். ஆடத் தொடங்கும் முன் சட்டம் அசைகிறதா என்று பெரியவர் ஒருவரைக் கொண்டு சோதியுங்கள். குறுக்குக் கம்பத்தில் ஒருபோதும் தொங்காதீர்கள்.

நாளை மாலை

நாளை மாலை திடலில் "கோலில் நிற்பது யார்?" என்ற கேள்வி மீண்டும் எழும். அப்போது ஒரு கயிற்றை எடுத்துச் செல்லுங்கள். செங்கற்களுக்குப் பதிலாக 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சிகளை நட்டு, முக்கோணத்தை அமைத்துக் காட்டுங்கள். வேண்டா வெறுப்பாக நிற்கப்போகும் அந்தச் சிறுவனை மூன்று அடி முன்னே வரச் சொல்லுங்கள். கோல் சுருங்குவதை அவனே காண்பான். பந்து ஒன்று அவன் மேல் பட்டுத் திரும்பும்போது, தான் ஒதுக்கப்பட்டு அங்கே நிற்கவில்லை என்பதும் அவனுக்குப் புரியும். மறுநாள் அந்த இடத்துக்கு அவனே முன்வந்தாலும் வியப்பில்லை.